கடற்கரையில் எது களை?

எங்கள் குழுவில் புதிதாகச் சேருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "துடைப்பம் கொண்டு வரட்டுமா?" என்றுதான். நல்ல மனதோடு கேட்கிறார்கள். கடற்கரையைச் சுத்தம் செய்யப் போகிறோம் என்றதும் வாசல் பெருக்குவது போல ஒரு படம் மனதில் வருவது இயல்புதான். துடைப்பம் வேண்டாம், தொப்பியும் தண்ணீரும் கெட்டியான ஷூவும் போதும் என்று சொல்லிவிடுவோம். ஏன் வேண்டாம் என்பதைச் சொல்லத்தான் நேரம் பிடிக்கும். அதை ஒருமுறை நிதானமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நாங்கள் வேலை செய்யும் இடம் பழவேற்காடு. பொன்னேரியில் பஸ் ஏறினால் கடைசி நிறுத்தம். கிழக்கே வங்கக் கடல், மேற்கே ஏரி, நடுவில் நீளமாக ஒரு மணல் திட்டு. ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி இது. அதன் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்கு ஓரம்தான் நம் பக்கம். முகத்துவாரத்தைத் தாண்டி வடக்கே பார்த்தால் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவும் நாட்களில் மீனவர்கள் அந்தப் பக்கம் கடலுக்குப் போக மாட்டார்கள். எங்கள் குழுவில் பொன்னேரிக்காரர்கள் உண்டு, ஆந்திரப் பக்கத்துத் தடாவிலிருந்தும் சூலூர்ப்பேட்டையிலிருந்தும் வருகிறவர்கள் உண்டு. பாதிப் பேச்சு தமிழ், பாதி தெலுங்கு.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்வோம். கடற்கரை என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் பல கீற்றுகள். அலை ஏறி இறங்கும் ஈரமணல் ஒன்று. அதற்கு மேலே, பெரிய அலை நாட்களில் மட்டும் நனையும் உலர்மணல். படகு ஏற்றி வைப்பதும், வலை பின்னுவதும், கருவாடு காய வைப்பதும் இங்கேதான். அதற்கும் பின்னால் கொடியும் புல்லும் பிடித்த மணல்மேடு. மேட்டுக்கு அப்பால் தாழை, பனை, சவுக்கு, வீடுகள். ஈரமணலில் தொடங்கி மேட்டின் பின்சரிவு வரைக்கும் உள்ள பொதுநிலத்தைத்தான் இந்தக் கட்டுரையில் முன்கரை என்கிறேன். ஆஸ்திரேலியாவில் இப்படிப்பட்ட கீற்றுகளைப் பொதுமக்களுக்கென ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அங்கங்கே உள்ள தன்னார்வலர்கள் மாதம் ஒருமுறை கூடிக் களை எடுத்து, குப்பை பொறுக்கிப் பார்த்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் இது புறம்போக்கு. புறம்போக்கு என்றதும் யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே ஒவ்வொரு குப்பத்துக்கும் தன் கரை எதுவரை என்று தெரியும்.

இந்தக் கீற்றுகளில் மிக முக்கியமானது மணல்மேடு. அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுதான்.

மணல்மேடு எப்படி உண்டாகிறது என்று ஒரு காற்றடிக்கும் பிற்பகலில் நேரிலேயே பார்க்கலாம். உலர்மணலில் குந்தி உட்கார்ந்து, கண்ணைத் தரைக்கு அருகில் வையுங்கள். மணல் முழங்கால் உயரத்துக்குக் கீழே புகை போல ஓடிக்கொண்டிருக்கும். வழியில் ஒரு அடும்பு இலை குறுக்கிட்டால் அந்த இடத்தில் காற்று தடுமாறும். சுமந்து வந்த மணலில் கொஞ்சம் கீழே விழும். இலைக்குப் பின்னால் ஒரு சின்ன வால் போல மணல் சேரும். செடி அந்த மணலுக்கு மேலே வளரும். மறுபடி மணல் சேரும், மறுபடி வளரும். ஒரு கைப்பிடி உயரம், அப்புறம் ஒரு முழம், பிறகு ஆள் உயரம். வெறும் மணலைக் குவித்து வைத்தால் ஒரே காற்றுக்காலத்தில் கலைந்துவிடும். மேட்டைக் கட்டுவதும் காப்பதும் செடிகள்தான்.

இந்த வேலையைச் செய்வதில் இரண்டு செடிகள் கெட்டிக்காரர்கள். ஒன்று அடும்பு. ஊதா நிறப் பூ, இலை நடுவில் பிளந்து மானின் குளம்பு மாதிரி இருக்கும். சங்கப் புலவர்களே அப்படித்தான் சொன்னார்கள். ஒவ்வொரு கணுவிலும் வேர் விட்டு, பல மீட்டர் தூரம் மணல்மேல் ஓடிக்கொண்டே போகும். உப்புக் காற்றும் கொதிக்கும் மணலும் அதற்குப் பழக்கம். இன்னொன்று ராவணன் மீசை. சாம்பல் பச்சையில் விறைப்பான புல், இலை நுனி ஊசி போல இருக்கும், கெண்டைக்காலில் குத்தும். பெண் செடியின் காய் பெரிய முள்பந்து போல இருக்கும். முற்றியதும் காம்பு ஒடிந்து காற்றில் கடற்கரை முழுக்க உருண்டோடும். குப்பத்துப் பிள்ளைகள் அதைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். பந்து ஓடிப்போய் நிற்கும் இடத்தில் விதை விழும்.

புயலோ பெரிய அலையோ வந்தால் கடல் இந்த மேட்டின் முகத்தை அரித்து மணலை எடுத்துக்கொள்ளும். அது அழிவு மட்டும் இல்லை. அப்படிப் போன மணல் கரைக்குச் சற்றுத் தள்ளி நீருக்கடியில் திட்டாகப் படிகிறது. வரும் அலைகள் அங்கேயே உடைந்து வேகம் குறைகின்றன. கடல் அமைதியான மாதங்களில் அதே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குத் திருப்பிக் கொடுக்கும். காற்று அதை மேட்டுக்குக் கொண்டு சேர்க்கும். எனவே மணல்மேடு ஒரு சேமிப்புக் கணக்கு மாதிரி. எடுப்பதும் போடுவதும் நடந்துகொண்டே இருக்கும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையை ஆராய்ந்தவர்கள், மணல்மேடு உயரமாக நின்ற இடங்களில் தண்ணீர் உள்ளே வந்த தூரம் குறைந்திருந்ததைப் பதிவு செய்தார்கள்.

இன்னொன்றும் உண்டு, தண்ணீர். கடலுக்கு இத்தனை அருகில் மணலைத் தோண்டினால் குடிக்கிற தண்ணீர் ஊறுவது எப்படி? மேட்டின்மேல் பெய்யும் மழை மணலுக்குள் இறங்குகிறது. நல்ல தண்ணீர் கடல்நீரை விட லேசானது. அதனால் அது கலந்துவிடாமல் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது இதற்கான கணக்கு. இரண்டு நீரின் எடை வித்தியாசத்திலிருந்து வரும் கணக்கு அது. அதையே திருப்பிப் பாருங்கள். மேட்டை வெட்டியெடுத்து மேலே ஒரு அடி நீர் குறைந்தால், கீழே 40 அடி உப்பு ஏறுகிறது. ஊற்றுத் தண்ணீர் கரித்துப்போன ஒரு குப்பத்தில் மேட்டு மணல் எங்கே போனது என்று விசாரித்தால் பல சமயம் பதில் கிடைத்துவிடும்.

சரி, இப்போது களைக்கு வருவோம்.

வயலில் களை எது என்பதில் குழப்பம் இல்லை. நெல் வேண்டும், மற்றது வேண்டாம். கடற்கரையில் யாரும் எதையும் விதைக்கவில்லை. அப்படியானால் எதைக் களை என்பது? நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது. மணலைப் பிடித்து, மற்றச் செடிகளுக்கும் உயிர்களுக்கும் இடம் விட்டு வாழ்கிற செடி அந்த இடத்துக்கு உரியது. வெளியிலிருந்து வந்து, மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டுத் தான் மட்டும் நிற்கிற செடி களை. பார்க்க அழகாக இருக்கிறதா, காலில் குத்துகிறதா என்பதெல்லாம் கணக்கில் வராது.

இதை நான் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். முதல் முறை போனபோது எனக்கு அடும்பு தெரியாது. பிளாஸ்டிக் பைகளும் கயிறும் சிக்கிக்கொண்டு ஒரே குப்பையாகத் தெரிந்தது கொடி. நானும் இன்னும் இரண்டு பேரும் உற்சாகமாகப் பிடுங்கிச் சுருட்டி ஒரு ஓரமாகக் குவித்தோம். நெத்திலி காயப் போட்டுக்கொண்டிருந்த ஒரு ஆயா எழுந்து வந்தார். "தம்பி, அத ஏம்பா புடுங்கற? அதாம்பா மண்ண புடிச்சினு கீது" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நாங்கள் பிடுங்கியது ஒரு சின்ன அறை அளவு இடம்தான். அடுத்த தென்மேற்குக் காற்றில் அந்த இடம் மட்டும் பள்ளமாகி, மேட்டின் நடுவில் ஒரு வாய் திறந்தது போல ஆனது. காற்று அந்த வாய் வழியாகப் புகுந்து இரண்டு பக்கமும் தின்றது. திரும்ப மூடுவதற்குப் பனைமட்டை நட்டு, கொடி வைத்து, இரண்டு மழைக்காலம் ஆயிற்று.

இனி உண்மையான களைகள். இந்தப் பக்கத்தில் முதலிடம் சீமைக்கருவேலத்துக்குத்தான். 'சீமை' என்ற சொல்லே அது வெளிநாட்டுச் சரக்கு என்று சொல்லிவிடுகிறது. ஏரிக்கு அந்தப் பக்கம் தெலுங்கில் அதைச் 'சர்க்கார் தும்மா' என்கிறார்கள், சர்க்கார் கொண்டுவந்த கருவேலம். இரண்டு பெயரையும் சேர்த்து வைத்தால் வரலாறு முழுசாகக் கிடைத்துவிடும். 1877 வாக்கில் ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்து, இன்றைய ஆந்திராவின் கடப்பைப் பக்கம் வனத்துறை நட்டது. விறகுப் பஞ்சம் தீர வேண்டும், தரிசு பசுமையாக வேண்டும் என்பது நோக்கம். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் நெற்று இனிப்பு. ஆடு மாடு விரும்பித் தின்னும். விதை செரிக்காமல் சாணத்தோடு வெளியே வந்து, எருவோடு சேர்த்தே விதைத்தது போல முளைக்கும். உப்பு மண்ணிலும் வளரும், வறட்சியிலும் வளரும். அடர்ந்துவிட்டால் அதன் கீழே அடும்பும் வராது, புல்லும் வராது. பழவேற்காட்டில் மேட்டின் பின்சரிவிலும் ஏரிக்கரையிலும் இதைத்தான் பார்க்கிறோம். அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்றே தமிழ்நாடு அரசு 2022-இல் தனிக் கொள்கை வெளியிட்டிருக்கிறது. அதில் இந்த மரத்துக்கு முக்கிய இடம் உண்டு.

நல்ல எண்ணத்தில் நட்டது களையாகிப்போன கதை நமக்கு மட்டும் சொந்தமில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கரையில் 1946 முதல் 1968 வரை, மணல் பறக்காமல் இருக்கத் தென்னாப்பிரிக்காவின் பிட்டூ என்ற புதரை அரசுத் துறையே நட்டது. இன்று அங்குள்ள தன்னார்வலர்களின் நேரத்தில் பெரும்பங்கை அந்தப் புதர்தான் எடுத்துக்கொள்கிறது.

சவுக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், இதில் சண்டை வரும் என்பதால். சவுக்கு காற்றைத் தடுக்கும், விறகாகும், சாரத்துக்குக் கழியாகும். மேட்டுக்குப் பின்னால் நிற்கிற சவுக்கை நான் களை என்று சொல்ல மாட்டேன். அலை எட்டும் தூரத்துக்கு அருகில், மேட்டின் முகத்திலேயே நெருக்கமாக நட்டால்தான் பிரச்சினை. காய்ந்த ஊசியிலை மெத்தை போல விழுந்து கீழே எதையும் முளைக்க விடாது. பங்குனி ஆமை முட்டையிட ஏறும் வெறும் மணலும் நிழலாகவும் வேராகவும் மாறிவிடும். ஆமை முட்டைக்கு மணலின் சூடு முக்கியம். சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகம், குறைந்தால் ஆண் குஞ்சுகள் அதிகம். அந்த இடத்தில் நிழல் விழுவது சின்ன விஷயம் இல்லை.

உண்ணிச்செடி, பார்த்தீனியம், சப்பாத்திக்கள்ளி ஆகியவையும் உண்டு. அவற்றைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மழை வெள்ளத்தில் ஆரணி ஆற்று வழியாக வந்து ஒதுங்கும் ஆகாயத்தாமரை உப்பில் தானே செத்துப்போகும், அதற்காக முதுகை ஒடித்துக்கொள்ள வேண்டாம். எருக்கை விட்டுவிடுங்கள். அது நம் ஊர்ச் செடி.

களையை எப்படி எடுப்பது என்பதில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். எங்கே முள் அதிகமோ அங்கே போய் வெட்டத் தொடங்குவது எல்லோருக்கும் வரும் ஆசை. சிட்னியில் 1960-களில் ஜோன் பிராட்லி, ஐலீன் பிராட்லி என்ற இரண்டு சகோதரிகள் வீட்டருகே இருந்த காட்டில் கையாலேயே களை எடுத்து, அதற்கு நேர்மாறான ஒரு முறையைக் கண்டார்கள். நன்றாக இருக்கும் இடத்தில் தொடங்கிக் கெட்டுப்போன இடத்தை நோக்கி நகர வேண்டும். மண்ணை முடிந்தவரை கிளறக் கூடாது. எடுத்த இடத்தில் இயல்பான செடி எவ்வளவு வேகமாகத் திரும்ப வருகிறதோ, அந்த வேகத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. உலகம் முழுக்க இன்று தன்னார்வலர்கள் இந்த முறையைப் பின்பற்றுகிறார்கள்.

பழவேற்காட்டு மணலில் அதன் பொருள் என்ன? அடும்பும் ராவணன் மீசையும் அடர்ந்த ஒரு பத்தையைத் தேர்ந்தெடுக்கிறோம். அதன் ஓரத்தில் முளைத்திருக்கும் நான்கைந்து கருவேலங்கன்றுகளை மட்டும் எடுக்கிறோம். அடுத்த மாதம் அடும்பு அந்த இடத்துக்கு நகர்ந்திருக்கும். அப்போது அடுத்த ஓரம். ஒரு நாள் முழுக்க வேலை செய்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் எதுவும் மாறாதது போலத்தான் இருக்கும். பொக்லைன் கொண்டுவந்து ஒரே நாளில் ஒரு ஏக்கரைத் துடைத்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்வதைவிட இது நல்லது என்று உறுதியாக நம்புகிறேன். துடைத்த ஏக்கரில் முதலில் முளைப்பது மண்ணுக்குள் காத்துக் கிடக்கும் கருவேல விதைதான்.

கன்று சின்னதாக இருந்தால், மழை பெய்து மணல் ஈரமாக இருக்கும்போது அடித்தண்டைப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். வேர் நூல் போல முழுசாக வரும். காய்ந்த மணலில் இழுத்தால் பாதியில் அறுந்துவிடும். பெருமரத்தைத் தரைமட்டத்தில் வெட்டிவிட்டுப் போனால் ஒரு மரம் இருந்த இடத்தில் பத்துக் கிளை துளிர்க்கும். தண்டும் வேரும் சேரும் இடத்தில், மண்ணுக்குச் சற்றுக் கீழே, துளிர்க்கும் மொட்டுகள் இருக்கின்றன. அந்தக் கழுத்துக்குக் கீழே வெட்டினால்தான் திரும்ப வராது. கடப்பாரையும் வேலை தெரிந்த ஆளும் வேண்டும், முதல் நாள் வருகிறவருக்கு அந்த வேலையைக் கொடுக்க மாட்டோம். முள் ரப்பர்ச் செருப்பைத் துளைத்து ஏறும். உள்ளே ஒடிந்துவிட்டால் சீழ் பிடிக்கும். தடித்த அடிப்பகுதி உள்ள ஷூவும் தோல் கையுறையும் கட்டாயம்.

வெட்டிய மரத்தை என்ன செய்வது? இதில் நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம். அது விறகு. குப்பத்திலும் ஏரிக்கரை இருளர் குடும்பங்களிலும் இன்னும் பல அடுப்புகள் இந்த மரத்தில்தான் எரிகின்றன. கரி மூட்டம் போட்டுப் பிழைப்பவர்களும் உண்டு. களை என்று சொல்லி அவர்கள் அடுப்பை அணைத்துவிட்டுப் போக நமக்கு உரிமை இல்லை. அதனால் முதலில் ஊர் நிர்வாகிகளிடம் பேசி, எந்தப் பகுதியை எடுப்பது, விறகை யார் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டுத்தான் கடப்பாரையைத் தொடுகிறோம். முள்ளைக் கழித்து, அளவாக நறுக்கி, மேட்டைத் தாண்டிக் கொண்டுபோய் அடுக்கிக் கொடுப்பதும் எங்கள் வேலையில் சேரும்.

காலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரி, பிப்ரவரியில் மணல் ஈரமாக இருக்கும். கன்று பிடுங்க அருமையான நேரம். ஆனால் பங்குனி ஆமைகள் கரையேறுவதும் அப்போதுதான். ஒரு ஆமை முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி ஏறத்தாழ 100 முட்டை இட்டு மூடிவிட்டுப் போகும். 45 முதல் 60 நாளில் குஞ்சு வரும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் ஜனவரி முதல் ஏப்ரல் கடைசி வரை மேட்டின் கடல் பக்கத்தில் நாங்கள் கடப்பாரை, மண்வெட்டி எதுவும் கொண்டுபோவதில்லை. பின்சரிவில் மட்டும் வேலை. முன்பக்கம் நடுவதற்கு ஐப்பசி மழை தொடங்கும் சமயம் சரியானது. அடும்புக்கொடியைக் கை நீளத்துக்கு வெட்டி, இரண்டு மூன்று கணுக்கள் மணலுக்குள் இருக்கும்படி படுக்கவைத்து மூடி, நுனியை மட்டும் வெளியே விட்டால் போதும். தண்ணீர் ஊற்றுவதை மழை பார்த்துக்கொள்ளும்.

இனி குப்பை. துடைப்பம் ஏன் வேண்டாம் என்பது இப்போது பாதி புரிந்திருக்கும். அலை ஒதுக்கிவிட்டுப் போன கோட்டைக் கவனித்துப் பாருங்கள். பாசி, சிப்பி, கணவாய் ஓடு, மரத்துண்டு, செத்த நண்டு, நடுநடுவே பாட்டில் மூடி. மூடியை எடுக்க வேண்டும். மற்றதெல்லாம் கடற்கரையின் சாப்பாடு. அந்தப் பாசிக்குள் வாழும் சின்னப் பூச்சிகளைத் தின்னத்தான் உள்ளான் பறவைகள் ஓரமாக ஓடி ஓடிக் கொத்துகின்றன. அந்தக் குப்பைக் கோட்டில்தான் பறக்கும் மணலும் மிதந்து வந்த விதையும் முதலில் தங்கும். பெருக்கினாலும் இயந்திரம் விட்டுச் சலித்தாலும் எல்லாம் சேர்ந்து போய்விடும். எனவே கையால், ஒவ்வொன்றாக, மணலை உதறிவிட்டு எடுக்கிறோம். உதறாமல் போட்டால் பை கனக்கும், வீணாக மணல் ஊரைவிட்டுப் போகும். பழவேற்காட்டில் பனை ஓலை முடைகிற பெண்கள் செய்த கூடைகளில்தான் பொறுக்குகிறோம். மணல் தானாகவே இடுக்கு வழியாகக் கொட்டிவிடும், பிளாஸ்டிக் எடுக்கப் புதிதாக ஒரு பிளாஸ்டிக் பை வாங்க வேண்டியதும் இல்லை.

பொறுக்கும்போது உறைகளில் உள்ள எழுத்தைப் படியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும். அப்போது எங்கள் கூடையில் தெலுங்கு எழுத்துள்ள பாக்கெட்டுகள் கூடும். மாசிக்குப் பிறகு ஓட்டம் திரும்பித் தெற்கிலிருந்து வடக்கே போகும். அப்போது வருவது கூவமும் கொசஸ்தலை ஆறும் கடலில் கொட்டியது. தடாவிலிருந்து வருகிற நண்பரும் நானும் இதை வைத்து முதலில் விளையாட்டாகத்தான் எண்ணத் தொடங்கினோம். இப்போது நோட்டுப் போட்டு எழுதுகிறோம். என்ன பொருள், எத்தனை, எந்த மாதம். எத்தனை கிலோ அள்ளினோம் என்பதைவிட இந்த எண்ணிக்கை பயன்படும். எங்கே அடைத்தால் நிற்கும் என்று அதுதான் காட்டும். ஆண்டுதோறும் செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை உலகம் முழுக்க நடக்கும் கடற்கரைத் தூய்மை நாளும் 1986-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் இப்படி எண்ணி எழுதுவதோடுதான் தொடங்கியது.

சில பொருட்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். மணலில் பாதி புதைந்த நைலான் வலையை இழுக்காதீர்கள். கொடியின் வேர் அதற்குள் பின்னிக் கிடக்கும், வலையோடு மேடும் வரும். வெளியே தெரிவதை மட்டும் கத்தரித்து எடுங்கள். மீதியைக் காற்று திறந்துவிடும்போது பார்த்துக்கொள்ளலாம். நல்ல நிலையில் உள்ள வலையாக இருந்தால் குப்பத்தில் கேட்காமல் தொடவே கூடாது, யாரோ காய வைத்ததாக இருக்கும். ஊசி, மருந்துக் குப்பிகளை இடுக்கியால் எடுத்து மூடியுள்ள கெட்டி டப்பாவில் தனியாகப் போட வேண்டும். தெர்மாகோலை முதலில் எடுங்கள், அலையில் பட்டால் ஆயிரம் துண்டாகிவிடும். எதையும் கரையில் வைத்துக் கொளுத்தக் கூடாது.

எண்ணெய் வந்தால் நிலைமையே வேறு. 2017 ஜனவரி 28-இல் எண்ணூர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, இளைஞர்களும் மீனவர்களும் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும் மீனவர்கள் படகில் போய்க் கையால்தான் அள்ளினார்கள். அந்த உழைப்பை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், அது தன்னார்வலர் வேலை இல்லை. தோலுக்கும் நுரையீரலுக்கும் கெடுதல். உரிய உடையும் பயிற்சியும் இல்லாமல் யாரையும் அதில் இறக்கக் கூடாது, இறங்கவும் கூடாது.

அனுமதி இல்லாமல் எதையும் தொடங்காதீர்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் 1991-இல் வந்தது, இப்போது உள்ளது 2019-இல் வந்தது. அதன்படி மணல்மேடும் ஆமை முட்டையிடும் இடமும் மிக உயர்ந்த பாதுகாப்புப் பிரிவில் வருகின்றன. ஏரி பறவைகள் சரணாலயம்; அங்கே களை என்று நினைத்து ஒரு செடியைப் பிடுங்குவதற்கும் வனத்துறையைக் கேட்க வேண்டும். வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு கடிதம், ஊர் நிர்வாகிகளிடம் ஒரு பேச்சு, ஊராட்சியிடம் குப்பை வண்டிக்கு ஒரு ஏற்பாடு. சேர்த்த குப்பை எங்கே போகும் என்று தெரியாமல் சேர்க்கவே கூடாது. மேட்டின் ஓரத்தில் கட்டி வைத்த மூட்டைகளை நாயும் காற்றும் ஒரே இரவில் பிரித்துவிடும்.

புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் நாங்கள் கருவி எதுவும் கொடுப்பதில்லை. நான்கு குச்சியும் ஒரு கயிறும் கொடுத்து, மேட்டில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் கட்டச் சொல்வோம். அதற்குள் என்னென்ன இருக்கிறதோ எல்லாவற்றையும் எழுத வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். போன மாதம் கல்லூரி மாணவி ஒருவர் வந்திருந்தார், சூலூர்ப்பேட்டைப் பெண். அரை மணி நேரம் குனிந்தே இருந்தார். அடும்பு, ராவணன் மீசை, நண்டு வளை மூன்று, ஆட்டுப் புழுக்கை, ஷாம்பு பாக்கெட், பெயர் தெரியாத சிறு புல். அப்புறம் "அண்ணா, இது என்ன?" என்று கூப்பிட்டார். அடும்பு இலைக்கு அடியில், புழுக்கையை ஒட்டி, விரல் உயரத்தில் ஒரு கன்று. இலை இறகு போல இருந்தது, முள் இன்னும் வரவில்லை. முந்தின நாள் மழை. நீங்களே எடுங்கள் என்றேன். அடியைப் பிடித்து மெதுவாக இழுத்தார். வெளியே தெரிந்தது ஒரு விரல்தான். மணலிலிருந்து வேர் வந்துகொண்டே இருந்தது, அவர் முழங்கை நீளத்துக்கு.